மாப்பிள்ளைத் தேரை

எனக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு டாக்டரம்மா. எனக்காக வேலை பார்த்தது தேரைகள். ஐம்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் அந்த அம்மா ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். அதன் பின்கட்டில் இருந்த ஒற்றை அறைதான் லேபரட்டரி. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பேன், ரத்தம் பார்ப்பேன், சளி பார்ப்பேன். அதையெல்லாம் ஊரில் யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. கடைத்தெருவில் என்னை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் ‘தேரைக்கார சார்’ என்றுதான் சொன்னார்கள். நான் படித்த படிப்புக்கு இதுவா பட்டம் என்று ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இன்றைக்கு மருந்துக்கடையில் ஓர் அட்டையை வாங்கி வந்து வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு ஒரு பெண் உண்டாகியிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஓர் ஆண் தேரை வேண்டும். கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் இறங்கும். காலையில் பிடித்த முதல் சிறுநீரை வடிகட்டி, தேரையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்ற வேண்டும். அந்த ஹார்மோன் உள்ளே போனதும் தேரைக்கு இனச்சேர்க்கைக் காலம் வந்துவிட்டதாக ஒரு மயக்கம் ஏற்படும். மூன்று மணி நேரம் கழித்து அதன் பின்பக்கத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாயை வைத்து ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், விந்தணுக்கள் நீந்திக்கொண்டிருக்கும். நீந்தினால் கர்ப்பம். வெறும் தண்ணீராக இருந்தால் இல்லை. ஒருமுறை வேலை செய்த தேரைக்குப் பத்து நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பழைய கணக்கு புதிய கணக்கோடு கலந்துவிடும்.

கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டியில் ஈர மணல் போட்டு முப்பது நாற்பது தேரைகள் வைத்திருப்பேன். கரப்பான் பூச்சிதான் சாப்பாடு. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கிணறெல்லாம் பாறை தெரிந்தது. எனக்கு மாதாமாதம் பானையில் தேரை கொண்டுவந்து கொடுத்த விவசாயி வெறுங்கையோடு வந்து, “மனுசனுக்கே தண்ணி இல்ல சார், தேரை எங்கிட்டு இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சித்திரை முடியும்போது தொட்டியில் மிஞ்சியது இரண்டே ஆண் தேரைகள். ஒன்று முந்தாநாள்தான் ஒரு வக்கீல் வீட்டு அம்மாவுக்காக வேலை செய்திருந்தது. மற்றொன்று புதிது. அதை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

அதற்குக் காரணம், முன்கட்டு வார்டில் ஐந்து நாளாகப் படுத்திருந்தவள் என் மனைவி. கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு கருக்கள் கலைந்திருந்தன. மூன்றாவதுக்கு மூன்று மாதம் முடியும் நேரத்தில் உதிரப்போக்கு ஆரம்பித்தது. கட்டிலின் கால்மாட்டை இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, அசையக்கூடாது என்று டாக்டரம்மா படுக்க வைத்திருந்தார். எத்தனையோ பெண்களுக்கு ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான். அந்த ஐந்து நாளும் வாசலிலேயே நின்று நர்சிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் வார்டுக்குள் போனேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “உள்ள உயிர் இருந்தா படுக்க வெச்சே காப்பாத்திரலாம். இல்லைன்னா விட்டு வெக்கிறது ஆபத்து, சீழ் பிடிச்சா அவ உயிருக்கே வந்துரும். நாளைக்குக் காலையில டெஸ்ட் பண்ணு. நாலு மணிக்கு உன் தேரை இல்லைன்னு சொன்னா, நான் சுத்தம் பண்ணிர்றேன்.”

இந்தப் பேச்சுக்குச் செத்த நேரம் முன்னால்தான், சாணார்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஊர் நாட்டாமைக்காரர் இரண்டு ஆட்களோடு என்னைத் தேடி வந்து போயிருந்தார். மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் செய்து வைக்கப் போகிறார்களாம்.

“பொண்ணு கெடச்சிருச்சு அப்பு. மாப்பிள்ளைதான் தட்டுப்பாடு. ஒங்ககிட்ட ஆம்பளையாப் பாத்துப் பொறுக்கி வச்சிருக்கீகன்னு சொன்னாக.”

“என்னிடம் தவளை இல்லை. இருப்பது தேரை. இரண்டும் வேறு வேறு” என்றேன். இப்படித் திருத்துவது என் சுபாவம்.

“பொண்ணும் தேரைதான். மழைக்கு அம்புட்டு வித்தியாசம் தெரியவா போகுது?”

வக்கீல் வீட்டுக்கு உழைத்த தேரை எப்படியும் எனக்குப் பத்து நாளைக்கு உதவாது. போய்த் தொலையட்டும் என்று, “நாளைக் காலையில் வாங்க. நான் இல்லாவிட்டாலும் ஆயா எடுத்துக் கொடுப்பாங்க” என்று சொல்லி அனுப்பினேன். லேபரட்டரியைக் கூட்டிப் பெருக்கும் ஆயாவிடமும் சொன்னேன். எந்தத் தேரை என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்ததற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மறுநாள் காலை என் மனைவியின் சிறுநீரை வடிகட்டினேன். இருந்தது அவ்வளவுதான், ஓர் ஊசிக்கே சரியாக இருந்தது. புதுத் தேரையை நன்றாகக் கழுவித் துடைத்து, ஊசி போட்டு, அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டிலில் ஈரப் பஞ்சின் மேல் உட்கார வைத்தேன். வாயில் துணி கட்டி, சீட்டு ஒட்டினேன். சீட்டில் வழக்கம்போல நோயாளியின் பெயர், தேதி, ஊசி போட்ட நேரம் காலை எட்டு பத்து. பிறகு வார்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் மேசையில் பாட்டில் இல்லை.

“ஆயா, இங்க இருந்த பாட்டில் எங்க?”

“சாணார்பட்டிக்காரக வந்தாக, குடுத்துட்டேன். நீங்கதான சொன்னீக?”

“தொட்டியில இருக்கிறதைக் கொடுக்கச் சொன்னேன்.”

“தொட்டின்னு சொன்னீகளா? குளிப்பாட்டி, கண்ணாடிப் பாட்டில்ல உக்கார வச்சு, சீட்டெல்லாம் ஒட்டித் தனியா வச்சிருந்தீக. மாப்பிள்ளைன்னா அதுவாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் இரண்டு வார்த்தை அதிகமாகத் திட்டினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கல்யாணத்துக்கு வாங்கிப் போன மாப்பிள்ளையை நாலு மணிக்குள் திருப்பித் தரமாட்டார்கள். சொட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் வருவதற்குள் அந்த வெயிலில் எல்லாம் காய்ந்து செத்துவிடும். ஆகவே மைக்ரோஸ்கோப்பையே மரப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு நத்தம் ரோட்டு பஸ்ஸில் ஏறினேன். மடியில் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, “என்ன சார், ஆர்மோனியமா? எங்க கச்சேரி?” என்றார் கண்டக்டர். “கல்யாணத்துக்கு” என்றேன். பொய் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி, கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வயல் வழியாக நடந்தேன். அம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டு, வாழை கட்டி, ஊரே திரண்டிருந்தது. மேடையில் மஞ்சள் துணி மூடிய ஓர் ஓலைப் பெட்டி. அதன் பக்கத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் என் காலிப் பாட்டில், சீட்டு வெளியே தெரிகிற மாதிரி, குங்குமப் பொட்டோடு.

“பாட்டிலை எதுக்கு வச்சிருக்கீங்க?” என்று நாட்டாமைக்காரரைக் கேட்டேன்.

“சாதகம் அப்பு. நாளு, நேரம் எல்லாம் எழுதிக் குடுத்துவிட்டீகளே, அம்புட்டு நேர்த்தியா. எங்க சோசியரு பாத்துட்டு ஒம்பது பொருத்தம் இருக்குன்னுட்டாரு. பேரு மட்டும் பொம்பளப் பேரா இருக்கேன்னு ஒரு கேள்வி வந்துச்சு. ஆத்தா பேரா இருக்கும்னு முடிவு பண்ணிட்டோம்.”

என் மனைவி ஒரு தேரைக்குத் தாயாகியிருந்தாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

விஷயத்தை உள்ளபடி சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். வயிற்றில் உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்ற பேச்சைக் கல்யாணப் பந்தலில், அதுவும் மழைக்காக நடக்கிற கல்யாணத்தில், எந்த வாயால் எடுப்பது? துரத்திவிட்டிருப்பார்கள். நான் அவர்களிடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவே, “மாப்பிள்ளையை ஒருதடவை பார்க்கணும். உடம்பு சோதனை பாக்கியிருக்கு” என்றேன்.

“காப்புக் கட்டியாச்சே. இனிமே ஊரு எல்லையத் தாண்டக் கூடாது.”

“தாண்ட வேண்டாம். இங்கேயே பார்த்துக்கிறேன்.”

“மத்தவக தொடக் கூடாது அப்பு. மாப்பிள்ளை வீட்டாளுகதான் தொடலாம்.”

“நான்தானய்யா அதை ஒரு மாசமா வளர்த்தேன்” என்று கத்திவிட்டேன்.

பந்தலில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு நாட்டாமைக்காரர் முகம் மலர்ந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னை நோக்கிக் கும்பிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆளே இல்லாமல் ஒற்றைக் கையால் கல்யாணம் நடக்கிறதே என்று ஊரே விசனப்பட்டுக்கொண்டிருந்ததாம். இப்போது தகப்பனே வந்துவிட்டான். என் கையிலிருந்த மைக்ரோஸ்கோப்பைப் பத்திரமாக வாங்கி வைத்துவிட்டு, ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார்கள். நிலக்கோட்டை மல்லிகை மாலை ஒன்று கழுத்தில் விழுந்தது. சந்தனம், குங்குமம், பானகம். தாலி கட்டி முடிகிற வரைக்கும் சம்பந்தி எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். நாலு மணி, நாலு மணி என்று என் மனசு அடித்துக்கொண்டிருந்தது. நான் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

பெண் தேரையைத் துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து கண்டெடுத்த அம்மாள்தான் சம்பந்தியம்மா. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை செத்த கறுப்புத்தான்” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. “பொண்ணு மட்டும் என்ன? உடம்பெல்லாம் மரு” என்றேன்.

நல்லவேளையாகக் கொட்டுக்காரர்கள் கெட்டிமேளம் தட்டிவிட்டார்கள். மஞ்சள் நூலில் தாலி ஏறியது. குலவைச் சத்தம் ஓய்ந்ததும் நாட்டாமைக்காரர் பெட்டிக்குள் கைவிட்டு, மாப்பிள்ளையை மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். கெண்டைக்காலில் ஒரு மஞ்சள் கயிறு. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

கோயில் மேடையின் ஓரத்தில் மைக்ரோஸ்கோப்பை வைத்து, கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பினேன். ஊரே சூழ்ந்து நிற்க, தேரையைத் தலைகீழாகப் பிடித்துக் குழாயை வைத்தேன்.

“இப்பல்லாம் டவுனுல கல்யாணத்துக்கு இதெல்லாம் பாக்குறாகளா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பாக்குறாக பாக்குறாக. படிச்சவக அப்பிடித்தான்” என்று வேறு யாரோ பதில் சொன்னார்கள்.

சொட்டைக் கண்ணாடியில் வைத்துக் குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. திருகைத் திருப்பினேன். இருந்தன. நூல் நூலாக, வட்டம் நிறைய, அப்படியொரு நீச்சல். அத்தனை வருஷத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வந்து வட்டம் கலங்கிவிட்டது. நிமிர்ந்தவன் நாட்டாமைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்ன ஏது என்று புரியாமல் தானும் குனிந்து பார்த்தார்.

“ஏலே, உள்ள மீனு ஓடுதுடா” என்றார். “அப்ப தண்ணி வரப்போகுது.”

அவ்வளவுதான். மீன் பார்க்க வரிசை நின்றுவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நான் தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையைத் திரும்பப் பெட்டிக்குள் விட்டேன். உள்ளே பெண் உட்கார்ந்திருந்தது. என் தேரை ஒரே தாவலில் அதன் முதுகில் ஏறி, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

“வந்ததுலேர்ந்து இப்பிடித்தான்” என்றார் சம்பந்தியம்மா, இப்போது முழு மனநிறைவோடு. “காலையில பெட்டியில விட்டதும் கட்டிக்கிச்சு. மூணு பேரு சேந்து பிரிச்சுத்தான் தாலி கட்டுனோம்.”

எனக்கு வியர்த்துவிட்டது. ஆண் தேரை பெட்டையைக் கட்டிப்பிடித்தால் தானாகவே விந்து விடும். அதற்கு ஊசியும் வேண்டாம், ஹார்மோனும் வேண்டாம், என் மனைவியும் வேண்டாம். நான் பார்த்த அந்தக் கூட்டத்துக்குக் காரணம் என் பிள்ளையாக இருக்கலாம், துவைகல் அடியில் கிடந்த இந்த மருப்பிடித்த மருமகளாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்ல உலகத்தில் எந்த மைக்ரோஸ்கோப்பாலும் முடியாது. மறுபடி ஊசி போடச் சிறுநீரும் இல்லை, தேரையும் இல்லை.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலை போட்டு உட்கார வைத்தார்கள். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. மூன்று மணி சுமாருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரம்மாவின் அறையைத் தாண்டி, நேராக வார்டுக்குப் போனேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் மாலையும் குங்குமமும் இன்னும் என் மேலேயே இருப்பது தெரிந்தது.

“யாரைக் கட்டிக்கிட்டு வந்தீங்க?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் பெயர் ஜாதகத்தில் ஏறியதைச் சொன்னபோது சிரிக்க ஆரம்பித்தாள். நான் பெண்ணின் மருவைப் பற்றிச் சண்டை போட்டதைச் சொன்னபோது வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு, அசையக்கூடாது என்பதற்காக வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெட்டிக்குள் நான் பார்த்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“அப்ப இருக்கா இல்லையான்னு தெரியாது.”

“தெரியாது. டாக்டரம்மாகிட்ட அப்படியே சொல்லிர்றேன்.”

“சொன்னா என்ன பண்ணுவாங்க?”

“காத்திருக்கப் பயப்படுவாங்க. சுத்தம் பண்ணிருவாங்க. காத்திருந்து, இல்லாமப் போயிருந்தா, உனக்கு...”

அவள் என் நெற்றிக் குங்குமத்தைத் தன் விரலால் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள். “நான்தான செத்தா சாகப்போறேன். இருக்குன்னு எழுதுங்க.”

“நான் பொய் எழுதினதில்ல.”

“இது பொய்யின்னும் உங்களுக்குத் தெரியாதே. எழுதுங்க.”

எழுதினேன். டாக்டரம்மா சீட்டை வாங்கிப் பார்த்து, “நல்லாத் தெரிஞ்சுதா?” என்று கேட்டார். “வட்டம் நிறைய” என்றேன். அவர் நர்சைக் கூப்பிட்டு, தியேட்டரில் தயாராக வைத்திருந்த சாமான்களைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. மணிக்கொரு தடவை அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் சூடாக இருந்தாலும், கொன்றுவிட்டேன், நானே என் கையெழுத்தால் கொன்றுவிட்டேன் என்று தோன்றும். டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் அவள் முகம் ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். உதிரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் ஒரு மழை பெய்தது. இதில் நான் யாருக்கும் பெருமை கொடுக்க மாட்டேன். கோடை மழை எல்லா வருஷமும் பெய்வதுதான். மழை பெய்தால் தேரைகள் வெளியே வரும், அதுவும் இயற்கை. ஆனால் மறுநாள் நத்தம் ரோட்டு பஸ் கண்டக்டர் ஒரு பானையைக் கொண்டுவந்து, “உங்க சம்பந்தி வீட்டுலேர்ந்து சீரு” என்று சொல்லி இறக்கி வைத்தார். உள்ளே பதினோரு தேரைகள், எல்லாம் கடாத் தேரைகள்.

மறுநாள் காலை, இந்தத் தடவை போதுமான அளவு கிடைத்த அவள் சிறுநீரை வடிகட்டி, மூன்று தேரைகளுக்கு ஊசி போட்டேன். மூன்றையும் தனித்தனி பாட்டிலில் அடைத்து, லேபரட்டரியைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயாவையும் உள்ளே விடவில்லை. நேரம் ஆனதும் மூன்று சொட்டையும் எடுத்து வைத்தேன். குனிய தைரியம் வரவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் குனிந்தேன். முதல் கண்ணாடியில் நீந்தின. இரண்டாவதிலும் நீந்தின. மூன்றாவதைப் பார்க்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

வார்டுக்கு ஓடினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பல நாளாகச் சரியாகத் தூங்காதவள். எழுப்பக் கையை நீட்டினேன், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் கண் விழிக்கிறவரை அரை மணி நேரம், என் பிள்ளை உயிரோடு இருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.